உலோகப் பரப்பில் தனி அணுவின் தற்சுழற்சித் தளர்வு: அளவீடு தவறும்போது அறிகுறி வழியே காரணம் காணும் முறை

உலோகப் பரப்பின் மீது அமர்ந்திருக்கும் ஒற்றைக் காந்த அணுவின் தற்சுழற்சி (ஸ்பின்), கிளர்வுற்ற பின் எவ்வளவு நேரத்தில் தளர்ந்து தாழ்நிலைக்குத் திரும்புகிறது என்பதை எஸ்.டி.எம். நுண்ணோக்கி (கூரிய உலோக முனையைப் பரப்பின் மிக அருகே நிறுத்தி, இடைவெளியை ஊடுருவும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) கொண்டு அளப்பவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சிக்கல்களை, திரையில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்லும் வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். கருவியைக் குறை சொல்வதற்கு முன்பும், புதிய இயற்பியலைக் கண்டுவிட்டதாக மகிழ்வதற்கு முன்பும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, நாம் காணும் அகலத்திலும் நேரத்திலும் எந்தப் பங்கு அணுவுக்கு உரியது, எந்தப் பங்கு நம் முனைக்கும் வெப்பநிலைக்கும் மின்கம்பிகளுக்கும் உரியது என்பதே. கீழே வரும் சோதனைகள் எல்லாம் அந்தப் பிரிப்பைச் செய்வதற்கானவை.

முதலில் நீங்கள் எந்த நேர அளவில் நிற்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அணு உலோகத்தின் மீது நேரடியாக அமர்ந்திருந்தால், அதன் தற்சுழற்சி உலோகத்தின் கடத்தும் எலக்ட்ரான்களுடன் பரிமாற்ற இடைவினையால் இறுகப் பிணைந்திருக்கிறது. கிளர்வு ஆற்றல் ஓர் எலக்ட்ரான்–துளை இணையை (மேலெழும்பிய ஓர் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும்) உருவாக்கிவிட்டு மறைந்துபோக, ஆயுட்காலம் ஃபெம்டோநொடிகளில் (10⁻¹⁵ நொடி), அதிகம் போனால் சில பைக்கோநொடிகளில் (10⁻¹² நொடி) அடங்கிவிடுகிறது. செம்பு (111) பரப்பின் (படிகத்தின் எந்த முகப்பு என்பதை இந்த எண் குறிக்கும்) மீதான இரும்பு அணுவுக்கு 2011இல் வெளியான அளவீடு ஏறத்தாழ 200 ஃபெம்டோநொடி என்றது. இடையில் ஒரே ஓர் அடுக்கு மின்கடத்தாப் பொருள் வந்துவிட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. செம்பு நைட்ரைடின் மீதான இரும்பு–செம்பு அணு இணைகளில் 2010இல் 50 முதல் 250 நானோநொடி வரை அளந்தார்கள். மக்னீசியம் ஆக்சைடின் மீதான கோபால்ட்டில் 2014இல் ஏறத்தாழ 230 மைக்ரோநொடி கிடைத்தது. அதே ஆக்சைடின் மீதான இரும்பில், அடுக்கைத் தடிப்பாக்கியபோது மில்லிநொடிகள் வரை போனது. முதல் வகைக்கு, மின்னழுத்தத்துக்கு எதிராக மின்கடத்தலை வரைந்து பெறும் நிறமாலைக் கோட்டின் அகலம்தான் கடிகாரம். இரண்டாம் வகைக்கு மின்துடிப்புகளும் நேரப் பதிவும் வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றில் கையாண்டால் விடை தவறாக வருவதோடு, பார்வைக்கு ஒழுங்கான தவறாகவும் வருவதால், அதைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

அறிகுறி: நிறமாலையில் படியே தெரியவில்லை

அணுவின் மேல் முனையை நிறுத்தி மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போகும்போது, கிளர்வு ஆற்றலை எட்டியவுடன் மின்கடத்தல் ஒரு படி ஏற வேண்டும். நேர், எதிர் மின்னழுத்தங்கள் இரண்டிலும் ஒரே தொலைவில் அது தெரிய வேண்டும். அது தெரியாதபோது அணு காந்தத்தன்மை அற்றது என்று முடிவு செய்வது அவசரம். மின்கடத்தா அடுக்கின் மீது கண்ணைப் பறிக்கும் உயரத்தில் வரும் படி, வெறும் உலோகத்தின் மீது மிகச் சிறியதாகவே வரும். ஆகவே அணுவின் மேல் எடுத்த நிறமாலையிலிருந்து, அதே முனையால், அதே நிலைப்படுத்தும் மின்னோட்டத்துடன் வெற்றுப் பரப்பில் எடுத்த நிறமாலையைக் கழித்துப் பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது. வெற்றுப் பரப்பில் சுழிய மின்னழுத்தத்துக்கு அருகே மேடு பள்ளம் தெரிந்தால் அது முனையின் குணம். முனையை அதே உலோகத்தில் மெல்ல அழுத்தியெடுத்து, கோடு தட்டையாகும் வரை செப்பனிட வேண்டும்.

அதன் பின் வெப்பநிலையைப் பாருங்கள். வெப்பத்தால் மட்டும் படி அடையும் அகலம், வெப்ப ஆற்றலைப் போல் 5.4 மடங்கு. 4.2 கெல்வினில் அது ஏறத்தாழ 1.95 மில்லி எலக்ட்ரான்வோல்ட்; 0.3 கெல்வினில் 0.14. இரும்பு, கோபால்ட் போன்ற அணுக்களின் கிளர்வு ஆற்றல் பல பரப்புகளில் ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியே இருப்பதால், திரவ ஹீலியத்தின் கொதிநிலையில் அந்தப் படி வெறும் மங்கலான சரிவாகக் கரைந்துவிடும். இந்த நிலையில் சராசரி எடுக்கும் நேரத்தை நீட்டுவதால் பயனில்லை. வெப்பநிலையைக் குறைப்பது ஒன்றே வழி.

வெப்பநிலையும் முனையும் சரியாக இருந்தும் படி வராவிட்டால், ஆயுட்காலம் மிகக் குறுகி, படியின் அகலம் அதன் ஆற்றலையே விஞ்சிவிட்டதா என்று எண்ணிப் பார்க்கலாம். அந்நிலையில் படி என்று சொல்லத்தக்க உருவம் எஞ்சாது.

அறிகுறி: படி தெரிகிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக அகலமாக இருக்கிறது

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான். ஆயுட்காலம் என்று அச்சாகும் எண் பெரும்பாலும் இந்த அகலத்திலிருந்துதான் பெறப்படுகிறது. ஆகவே இங்கு நுழையும் பிழை நேராக முடிவுக்குள் நுழைந்துவிடும்.

அளந்த அகலத்தில் மூன்று பங்குகள் உண்டு. முதலாவது மேலே சொன்ன வெப்பப் பங்கு. இரண்டாவது, இரைச்சலிலிருந்து சிறு குறிகையைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கிக்காக நாம் சேர்க்கும் சிறு மாறுமின்னழுத்தத்தின் பங்கு. அது அந்த மின்னழுத்தத்தின் சராசரி வர்க்க மூல மதிப்பைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு. மூன்றாவதுதான் அணுவுக்கு உரியது. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்க மூலம் எடுத்தால் அளந்த அகலம் கிடைக்கும் என்பது போதிய தோராயம்.

எண்களை இட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 0.3 கெல்வின், மாறுமின்னழுத்தம் 0.1 மில்லிவோல்ட் என்றால் வெப்பப் பங்கு 0.14, மாறுமின்னழுத்தப் பங்கு 0.17, இரண்டும் சேர்ந்து 0.22 மில்லி எலக்ட்ரான்வோல்ட். ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலம் ஏறத்தாழ 0.66 பைக்கோநொடி ஆயுளைக் குறிப்பதால், இந்தக் கருவியில் 3 பைக்கோநொடியைவிட நீண்ட ஆயுள் எதுவும் அகலத்தில் தெளிவாகத் தெரியாது. அளந்த அகலம் 0.25 என்று வந்தால், அதிலிருந்து கழித்துப் பெறும் 0.12 என்ற எஞ்சிய அகலத்தை நம்பி ஆயுளைக் கணக்கிடுவது துணிச்சல். வெப்பநிலையில் சிறு பிழை இருந்தாலே அந்த எண் பெரிதும் மாறிவிடும். அத்தகைய இடத்தில் ஆயுள் இவ்வளவுக்குக் குறையாதது என்று கீழ் எல்லையை மட்டும் தருவதே நேர்மை.

அகலம் மிகையாக வரும்போது பார்க்க வேண்டிய வரிசை இது. மாறுமின்னழுத்தத்தைப் பாதியாக்குங்கள். அகலம் குறைந்தால் குறை உங்கள் அளவீட்டில்தான். அகலம் மேலும் குறையாத இடம் வரும்வரை குறைத்துக்கொண்டே போக வேண்டும். கருவியின் முகப்பில் எழுதியிருக்கும் மதிப்பு சராசரி வர்க்க மூலமா, உச்ச வீச்சா, உச்சத்திலிருந்து உச்சம் வரையா என்பதைக் கையேட்டில் உறுதி செய்யுங்கள். உச்ச வீச்சை வர்க்க மூலமாகக் கருதினால் 1.4 மடங்கும், உச்சம்–உச்ச மதிப்பை அப்படிக் கருதினால் 2.8 மடங்கும் பிழை வரும். இடையில் மின்னழுத்தப் பகுப்பி இருந்தால், சந்தியை (முனைக்கும் பரப்புக்கும் இடைப்பட்ட இடத்தை) அடையும் உண்மையான வீச்சை அளந்தே அறிய வேண்டும்.

அடுத்து, வெப்பமானி காட்டும் எண்ணை எலக்ட்ரான்களின் வெப்பநிலை என்று நம்பிவிடக் கூடாது. மின்கம்பி வழியே உள்ளே வரும் ரேடியோ அலைவரிசை இரைச்சல் சந்தியின் மின்னழுத்தத்தை ஓயாமல் அசைத்து, மாதிரி குளிர்ந்திருந்தும் எலக்ட்ரான்கள் சூடாக இருப்பது போன்ற அகலத்தை உண்டாக்கும். இதற்கு நம்பகமான அளவுகோல் மீக்கடத்தியின் இடைவெளி, அதாவது அதன் எலக்ட்ரான்களுக்கு நிலைகளே இல்லாத ஆற்றல் பகுதி. ஈயம், நையோபியம், வெனேடியம், அலுமினியம் ஆகியவற்றுள் உங்கள் வெப்பநிலைக்குப் பொருந்தும் ஒன்றை மாதிரியாகவோ முனையாகவோ கொண்டு, காந்தப் புலமின்றி ஒரு நிறமாலை எடுத்து, இடைவெளியின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதிலிருந்து பயனுறு வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். வெப்பமானி 0.3 என்றும் இடைவெளி 0.8 என்றும் சொன்னால், இடைவெளி சொல்வதையே கணக்கில் கொள்ளுங்கள். பிறகு கம்பிகளில் வடிகட்டிகளைச் சேர்த்து, தரையிணைப்புச் சுற்றுகளை அவிழ்த்து, மீண்டும் அளவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அகலம் குறையாமல் நின்றால், அது அணுவினுடையதாக இருக்கலாம். அதை உறுதிப்படுத்த உலோகமே ஒரு சோதனையைத் தருகிறது. கிளர்வு ஆற்றல் கூடக் கூட, அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளக்கூடிய எலக்ட்ரான்–துளை இணைகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் கூடுகிறது. அதனால் தளர்வு வேகமும் ஆற்றலோடு நேர்விகிதத்தில் கூட வேண்டும். காந்தப் புலத்தை ஏற்றும்போது படி வெளியே நகர்வதோடு அகலமும் ஆக வேண்டும். மேலே சொன்ன செம்பு (111) அளவீட்டில், 12 டெஸ்லாவில் ஆயுள் பாதியாகக் குறைந்தது இந்தக் காரணத்தால்தான். கருவியின் அகலமோ புலத்தோடு மாறாது. ஆகவே அகலத்தைப் புலத்துக்கு எதிராக வரைந்து, சரிவு இருக்கிறதா என்று பாருங்கள்: சரிவு இருந்தால் அணுவின் குரல் கேட்கிறது, தட்டையாக இருந்தால் கருவியின் குரல் மட்டுமே கேட்கிறது என்று ஐயுற வேண்டும்.

இதே காரணத்தால், புலத்தைக் கூட்டினால் படி கூர்மையாகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் உலோகப் பரப்பில் பொய்த்துப்போகும். ஆற்றலும் அகலமும் சேர்ந்தே வளர்வதால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது. அந்த விகிதத்தை மாற்ற வேண்டுமானால் பரப்பையோ, அணு அமரும் இருக்கையையோ, இடையடுக்கையோதான் மாற்ற வேண்டும்.

அகலத்தை ஆயுளாக மாற்றும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அரை உயரத்தில் எடுத்த முழு அகலத்தால் சுருக்கிய பிளாங்க் மாறிலியை வகுக்கிறோமா, அந்த அகலத்தின் இரு மடங்கால் வகுக்கிறோமா என்பது கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது. பிறர் எண்ணோடு ஒப்பிடும் முன் அவர்களது சூத்திரத்தைத் தேடிப் படிக்க வேண்டும். மேலும், அகலத்தில் ஆற்றல் இழப்பு மட்டுமன்றி, ஆற்றலை இழக்காமல் தற்சுழற்சியின் அலைவு ஒழுங்கு (கட்டம்) சிதறுவதும் சேர்ந்திருக்கலாம். ஆகவே அகலத்திலிருந்து வரும் காலம், ஆற்றல் தளர்வுக் காலத்தின் கீழ் எல்லையே.

அறிகுறி: படி இருக்கிறது, ஆனால் காந்தப் புலத்துக்கு அசையவில்லை

எளிய காரணத்தை முதலில் பாருங்கள்: எதிர்பார்க்கும் அசைவு எவ்வளவு? கைரோ காந்தக் காரணி (புலத்துக்குத் தற்சுழற்சி எவ்வளவு அசையும் என்பதைக் குறிக்கும் எண்) 2 என்றால், 10 டெஸ்லாவில் சீமான் ஆற்றல் (புலம் நிலைகளைப் பிரிக்கும் அளவு) 1.16 மில்லி எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. 1 டெஸ்லா வரை மட்டும் ஏறும் காந்தத்தை வைத்துக்கொண்டு, அகலம் ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட் உள்ள படியில் அசைவைத் தேடினால் கிடைக்காது. புலத்தின் திசையும் முக்கியம். அணுவின் காந்தத்துக்கு எளிதான அச்சுக்குச் செங்குத்தாகப் புலம் இருந்தால், தொடக்கத்தில் ஆற்றல் ஏறக்குறைய அசையாமலே இருந்து, பிறகு மெல்ல வளைந்து ஏறும்.

இவை இரண்டும் இல்லையென்றால் ஹைட்ரஜனைச் சந்தேகியுங்கள். மிக உயர்ந்த வெற்றிடத்திலும் எஞ்சியிருக்கும் வாயு ஹைட்ரஜன்தான். குளிர்ந்த மாதிரியின் மீது அமர்ந்திருக்கும் இரும்பு, கோபால்ட் அணுக்களை அது தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பின் இரண்டு வகையில் ஏமாற்றும். ஒன்று, தன் அதிர்வாலும் இடமாற்றத்தாலும் நிறமாலையில் தற்சுழற்சிப் படியைப் போலவே சமச்சீரான ஒரு படியை வரையும். அது புலத்துக்கு அசையாது, பெரும்பாலும் படிக்கு அடுத்து மின்கடத்தல் திடீரெனக் கீழே விழுந்து மீளும் கூரிய வடிவத்தோடு வரும். இரண்டு, அணுவின் தற்சுழற்சியையே மாற்றிவிடும். பிளாட்டினம் (111) மீதான இரும்பு அணுவில் ஹைட்ரஜனைச் சேர்த்தும் நீக்கியும் அதன் காந்த நிலையை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரே வகை அணுக்களில் உயரம் கூடிய சிலவும் குறைந்த சிலவும் தெரிந்தால், ஒவ்வொன்றின் மீதும் மின்னழுத்தத்தைச் சில நூறு மில்லிவோல்ட் வரை ஏற்றி, உருவமும் நிறமாலையும் ஒருமுறை மாறிப் பின் நிலைத்துவிடுகின்றனவா என்று பாருங்கள். மாறினால், மாறிய பின் உள்ளதே பெரும்பாலும் தூய அணு. அணுக்களைத் தூவிய உடனேயே அளப்பதும், ஒரே அணுவைப் பல மணி நேரம் கழித்து மீண்டும் அளப்பதும் நல்ல பழக்கம்.

படி அசைகிறது, ஆனால் கைரோ காந்தக் காரணி 2 வரவில்லை என்றால் பதற வேண்டாம். உலோகத்தில் அணுவைச் சூழ்ந்த எலக்ட்ரான்களும் சேர்ந்து சுழல்வதால் அந்த எண் நகரும். செம்பு (111) மீதான இரும்புக்கு 2.1 என்றும், வெள்ளி (111) மீதான அதே இரும்புக்கு 3.1 என்றும் அளந்திருக்கிறார்கள். இது அளவீட்டுப் பிழை அன்று; பரப்பைப் பற்றிய செய்தி.

அறிகுறி: சுழிய மின்னழுத்தத்தில் ஒரு மேடு அல்லது பள்ளம்

பழக்கத்தால் உடனே கொண்டோ விளைவு (உலோக எலக்ட்ரான்கள் சேர்ந்து அணுவின் தற்சுழற்சியை மறைத்துவிடுவது; அது நிகழத் தொடங்கும் அளவே கொண்டோ வெப்பநிலை) என்று பெயரிட்டுவிடுகிறோம். தங்கம் (111) மீதான கோபால்ட்டில் 1998இல் கண்ட வடிவம் அவ்வாறே விளக்கப்பட்டு, செம்பு (111) மீதான கோபால்ட்டுக்குக் கொண்டோ வெப்பநிலை ஏறத்தாழ 54 கெல்வின் என்ற எண்ணும் பாடமாகிவிட்டது. ஆனால் 2020இல் வெளியான கோட்பாட்டுப் பணியும் 2023இல் வெளியான உயர் புல அளவீடும், கோபால்ட்டின் அந்த வடிவத்தைத் தற்சுழற்சிக் கிளர்வும் அதனோடு எலக்ட்ரான்கள் பிணைந்து உருவாகும் நிலையும் தரலாம் என்று வாதிடுகின்றன. ஆகவே வடிவத்தைப் பொருத்திப் பார்த்து வரும் அகலத்திலிருந்து கொண்டோ வெப்பநிலையை எழுதிவிடுவது இன்று போதாது.

அதைப் பிரித்தறிய வெப்பநிலையை மாற்றுவதும் புலத்தை மாற்றுவதும் இரண்டுமே வேண்டும். கொண்டோ மேடு புலத்தில் பிளவுபட, சீமான் ஆற்றல் கொண்டோ ஆற்றலோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். 54 கெல்வின் என்பது 4.65 மில்லி எலக்ட்ரான்வோல்ட். 10 டெஸ்லா தருவதோ அதில் கால் பங்கு. அத்தகைய அணுவில் பிளவு தெரியவில்லை என்பதை வைத்து எதையும் நிறுவ முடியாது. மாறாக, கொண்டோ வெப்பநிலை சில கெல்வின் மட்டுமே உள்ள அணுவில் பிளவு தெரியாவிட்டால், அது கொண்டோ அன்று என்பதற்கு வலுவான சான்று.

அறிகுறி: படியின் உச்சியில் கொம்பு, அல்லது இரு பக்கமும் சமமின்மை

படி ஏறியவுடன் சிறு கூர் மேடு தோன்றிப் பின் சரிந்தால், அது கடத்தும் எலக்ட்ரான்கள் அணுவோடு ஒரு முறைக்கு மேல் இடைவினை புரிவதன் அடையாளமாக இருக்கலாம்; அணுவுக்கும் உலோகத்துக்கும் உள்ள பிணைப்பின் வலிமையை அது சொல்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டும்போது அந்த மேட்டின் உருவம் மாறினால் கதை வேறு: கிளர்வு நிலை தளர்வதற்கு முன்பே அடுத்த எலக்ட்ரான் வந்துவிடுகிறது. ஒரு நானோஆம்பியர் என்பது ஏறத்தாழ 160 பைக்கோநொடிக்கு ஓர் எலக்ட்ரான். ஆயுள் 200 ஃபெம்டோநொடியாக உள்ள வெறும் உலோகத்தில் ஒவ்வோர் எலக்ட்ரானும் அணுவைத் தாழ்நிலையிலேயே காணும். எனவே அங்கு உருவம் மின்னோட்டத்தைச் சார்ந்து மாறினால் தற்சுழற்சியை விட்டுவிட்டு முனையின் விசையையும் அணுவின் அசைவையும் ஆராயுங்கள். மின்கடத்தா அடுக்கின் மீது அந்த மாற்றம் இயல்பே.

நேர், எதிர்ப் பக்கங்களில் உயரம் மட்டும் வேறுபட்டால், முனை தற்சுழற்சி முனைவாக்கம் பெற்றிருக்கிறது, அதாவது ஒரு திசைத் தற்சுழற்சி எலக்ட்ரான்களையே மிகுதியாகத் தருகிறது என்று கொள்ளலாம். முனையில் தெரியாமல் ஒரு காந்த அணு ஒட்டியிருப்பது அரிதன்று. படியின் இருப்பிடமே இரு பக்கமும் வேறுபட்டால், மின்னோட்டப் பெருக்கியின் சுழியப் பிழையை முதலில் திருத்துங்கள்.

அறிகுறி: மின்னோட்டம் இரு நிலைகளுக்கிடையே தாவுகிறது

இரு நிலைத் தாவலைக் கண்டவுடன் தற்சுழற்சி மேலும் கீழுமாகப் புரள்வதை நேரில் காண்கிறோம் என்று மனம் சொல்லும். இந்தத் துறை இந்த இடத்தில் ஒருமுறை கடுமையாக முரண்பட்டிருக்கிறது. பிளாட்டினம் (111) மீதான ஹோல்மியம் அணு பல நிமிடங்கள் தற்சுழற்சியைத் தக்கவைக்கிறது என்ற முடிவு 2013இல் வெளியானது. அடுத்த ஆண்டு எக்ஸ்-கதிர் உறிஞ்சலிலிருந்து காந்தத்தன்மையை அறியும் காந்த இருநிற அளவீடுகள் அந்த அணுவின் தாழ்நிலையே அத்தகைய நிலைப்புக்கு ஏற்றதன்று என்று காட்டின, 2016இல் எஸ்.டி.எம். அளவீடும் தற்சுழற்சியின் அடையாளம் எதையும் அங்குக் காணவில்லை. அதே ஹோல்மியம் மக்னீசியம் ஆக்சைடின் மீது உண்மையாகவே நிலைத்து நிற்பதை 2016, 2017 ஆண்டுகளின் அளவீடுகள் நிறுவின என்பது, அணுவைவிட அது அமரும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே தாவலைக் கண்டால் அதைத் தற்சுழற்சி என்று ஏற்பதற்குமுன் நான்கு கேள்விகளும் தேறியாக வேண்டும். காந்தமற்ற முனையால் பார்க்கும்போது தாவல் மறைகிறதா? புலத்தைத் திருப்பினால் இரு நிலைகளில் செலவிடும் நேரங்களின் விகிதமும் திரும்புகிறதா? அணுவின் மையத்திலிருந்து முனையை விலக்கும்போது இரு நிலைகளின் வேறுபாடு அணுவைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் குறைகிறதா, அல்லது ஒரு பக்கத்தில் குறிமாறுகிறதா? மின்னழுத்தம் கிளர்வு ஆற்றலைக் கடக்கும் இடத்தில் தாவும் வேகம் எழும்புகிறதா? மூன்றாம் கேள்வியில் குறிமாற்றம் தெரிந்தால், அணு அடுத்தடுத்த இரு இருக்கைகளுக்கிடையே இடம்பெயர்கிறது, அல்லது ஒட்டிய ஹைட்ரஜன் நகர்கிறது என்பதே பெரும்பாலும் விடை. முதல் கேள்வியில் தோற்றால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டியதில்லை.

அறிகுறி: இரு துடிப்பு அளவீட்டில் சிதைவு வளைவு வருகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

கிளர்வூட்டும் துடிப்பொன்றும், சிறிது தாமதித்து வரும் அளக்கும் துடிப்பொன்றும் கொண்ட இந்த முறையின் நேரக் கூர்மை, மின்னணுக் கருவிகளும் கம்பிகளும் அனுமதிக்கும் அளவுக்கே, அதாவது நானோநொடியை ஒட்டியே, இருக்கும். வெறும் உலோகத்தின் மீது அமர்ந்த அணுவில் பல நானோநொடிச் சிதைவு கிடைத்தால், கருவியையே முதலில் குற்றவாளியாகக் கொள்ளுங்கள்.

முனையை நான்கைந்து நானோமீட்டர் நகர்த்தி வெற்றுப் பரப்பில் அதே அளவீட்டைச் செய்யுங்கள். வளைவு அங்கும் வந்தால் அது கம்பிகளுடையது. சந்தியின் மின்தடை கிகாஓம் அளவில் இருப்பதால், கம்பியின் முனை மின்துடிப்புக்குத் திறந்த சுற்றாகவே தெரியும். துடிப்பு அங்கிருந்து எதிரொலித்துத் திரும்பும். சாதாரண ஓரச்சுக் கம்பியில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி ஆவதால், இரண்டு மீட்டர்க் கம்பியில் 20 நானோநொடித் தாமதத்தில் ஒரு சிறு மேடு தோன்றுவது இயல்பு. கம்பியின் நீளத்தை மாற்றும்போது மேடும் நகர்ந்தால் ஐயம் தீர்ந்தது. துடிப்பு சந்தியை அடையும்போது எந்த வடிவில் இருக்கிறது என்பதை அறிய, மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு வளைந்து மாறும் ஓரிடத்தில் இரு துடிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திப் பாருங்கள். அவை மேற்பொருந்தும் பகுதியின் உருவமே உங்கள் உண்மையான நேரக் கூர்மை.

வெற்றுப் பரப்பில் வளைவு வராவிட்டால் அடுத்த சோதனை: கிளர்வூட்டும் துடிப்பைக் கிளர்வு ஆற்றலுக்குக் கீழே இறக்குங்கள், வளைவு மறைய வேண்டும். அளக்கும் துடிப்பு முந்தி வரும் எதிர்த்தாமதப் பகுதியில் கோடு தட்டையாக இருக்க வேண்டும். அங்குச் சரிவு இருந்தால், ஒரு துடிப்புச் சுற்றின் தளர்வு முடிவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. சுற்றுகளுக்கிடையிலான இடைவெளியை நீட்டுங்கள்.

அறிகுறி: முனையை அருகில் கொண்டுபோனால் ஆயுள் குறைகிறது

இது கோளாறு அன்று. முனையும் எலக்ட்ரான்கள் நிரம்பிய ஓர் உலோகமே என்பதால், அது அருகில் வரும்போது தளர்வுக்குப் புதிய வாயில் திறக்கிறது. ஊடுருவும் எலக்ட்ரான்களும் தம் பங்குக்கு அணுவைப் புரட்டுகின்றன. முனை காந்தமுள்ளதாக இருந்தால் அதன் பரிமாற்றப் புலம் கிளர்வு ஆற்றலையே நகர்த்திவிடும். ஒரே மின்னோட்டத்தில் எடுத்த ஒரே ஆயுளை அணுவின் பண்பாக அறிவிப்பது இதனால்தான் பொருந்தாது. தளர்வு வேகத்தைப் பல மின்னோட்டங்களில் அளந்து, நேர்கோடாக வருகிறதா என்று பார்த்து, சுழிய மின்னோட்டத்துக்கு நீட்டி, அங்குக் கிடைக்கும் எண்ணையே அடித்தளத்தின் பங்காகக் கொள்ள வேண்டும். கோடு நேராக இல்லாமல் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறினால், அணு இரண்டு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்துத் தாக்கினால் மட்டுமே புரள்கிறது என்று பொருள். இடையில் ஓர் இடைநிலை இருப்பதற்கு அது நல்ல சான்று.

அறிகுறி: ஒரே வகை அணுக்கள், வெவ்வேறு எண்கள்

(111) முகப்பில் அணு அமரக்கூடிய, மூன்று பரப்பு அணுக்களுக்கு நடுவிலுள்ள குழிகள் இரு வகைப்படும். கீழ் அடுக்கில் நேர் கீழே அணு இருப்பது ஒன்று, இல்லாதது மற்றொன்று. பிளாட்டினத்தின் மீதான இரும்பில் இந்த ஒரே வேறுபாடு, காந்தத் திசைச்சார்பின் (தற்சுழற்சி எந்தத் திசையை விரும்புகிறது என்பதன்) அளவை மட்டுமன்றிக் குறியையும் மாற்றிவிடுகிறது என்று 2013இல் காட்டினார்கள். அங்குக் கண்ட ஆற்றல், முன்பு வெளியான மதிப்புகளைவிடப் பத்து மடங்கு வரை சிறியது. ஆற்றல் சிறியதானதால் எலக்ட்ரான்–துளை இணைகளும் குறைந்து, ஆயுளும் வெள்ளி, செம்பு மீது உள்ளதைவிட நீண்டது. ஆகவே இருக்கையைக் குறிப்பிடாத ஆயுள் பாதிச் செய்தியே. இருக்கையை அறிய, பரப்பில் உள்ள முக்கோணத் தீவின் விளிம்பிலிருந்தோ, அணுவைத் தள்ளி அடுத்த குழியில் வைத்தோ ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இருக்கையும் ஒன்றே என்று உறுதியான பின்னும் எண்கள் சிதறினால், அருகிலுள்ள அணுக்களைப் பாருங்கள். உலோக எலக்ட்ரான்கள் வழியே தற்சுழற்சிகள் ஒன்றையொன்று உணரும் இடைவினை, தொலைவோடு குறிமாறி அலைந்துகொண்டே சில நானோமீட்டர் வரை நீள்கிறது. தூவிய அணுக்களின் அடர்த்தியைக் குறைத்து, ஒவ்வோர் அணுவுக்கும் அண்டை அணுவின் தொலைவையும், அருகே பரப்புக்கடியில் மாசு தெரிகிறதா என்பதையும், பரப்பின் அடுக்கு முடியும் படிவிளிம்பு எவ்வளவு தூரம் என்பதையும் நிறமாலையோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இருந்தால், சிதறிய எண்களைத் தொலைவுக்கு எதிராக வரைந்து, தனித்த அணுவின் மதிப்பு எங்கே சென்று நிலைக்கிறது என்று பிறகும் கண்டுகொள்ளலாம். பதிவு இல்லாவிட்டால், அதே பரப்பை மீண்டும் சுத்தம் செய்து, அணுக்களை மீண்டும் தூவி, அளவீட்டைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.